அழகான படமா, நேர்மையான சாட்சியமா?

பூவையும் பூச்சியையும் கைப்பேசியில் படமெடுத்து, 'ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற மக்கள் அறிவியல் தளங்களில் பதிவேற்றும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் உள்ளனர். வரவேற்கத்தக்க பழக்கம். ஆனால், அவர்களுக்கு நாம் முதலில் கற்பிக்க வேண்டியது அழகாகப் படமெடுப்பதை அன்று; உண்மையாகச் சாட்சி சொல்வதையே என்பது என் கருத்து.

2008இல் தொடங்கப்பட்ட அத்தளத்தில் ஒரு பதிவு 'ஆய்வுத் தரம்' பெற, படம் அல்லது ஒலியுடன் நாளும் இடமும் வேண்டும். இனத்தைக் கண்டறிந்து சொல்வோரில் மூன்றில் இரு பங்கிற்கும் மேலானோர் உடன்படவும் வேண்டும். முகமறியாத அவர்கள், நம் பிள்ளையின் பதிவை நம்பியே முடிவு சொல்கின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டு: நம் வீட்டுக் கறிவேப்பிலையில் முட்டையிடும் 'காமன் மார்மன்' பட்டாம்பூச்சியின் பெண்களில் ஒரு வகை, பறவைகள் உண்ணத் தயங்கும் 'காமன் ரோஸ்' பட்டாம்பூச்சியைப் போன்றே சிறகுகள் கொண்டது. உடல்தான் வேறு, ரோஸின் உடலில் சிவப்பு உண்டு, மார்மனின் உடல் கறுப்பு. சிறகை மட்டும் அழகாகக் காட்டும் படம் ஐயத்தை வளர்க்கும். உடலும் தெரியும் எளிய படம் ஐயத்தைத் தீர்க்கும்.

ஆகவே, ஒரே படத்தோடு நின்றுவிட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். முதலில் தொலைவிலிருந்து ஒன்று; பின்னர் மெல்ல நெருங்கி, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுக்கட்டும். செடியாயின் பூவுடன் இலையின் இருபுறமும், தண்டில் இலைகள் அமைந்த விதமும் வேண்டும். காளானாயின் குடையின் அடிப்புறம் அவசியம்.

நாளையும் இடத்தையும் மாற்றிப் பதிவது பொய்ச்சாட்சிக்கு ஒப்பானது. சென்ற ஆண்டு உம்மம்மா வீட்டுத் தோட்டத்தில் எடுத்ததை, இன்று நம் தெருவில் எடுத்ததாகப் பதிந்தால், அவ்வுயிரினம் இல்லாத ஊரில் இருப்பதாக ஆய்வாளரின் வரைபடம் காட்டக்கூடும்.

படத்திற்காகப் பறவைக் கூட்டை நெருங்குவதும், பூச்சியின் சிறகைப் பிடித்து நிறுத்துவதும் கூடாது. அஞ்சிய தாய்ப்பறவை கூட்டை விட்டு அகன்றால், குஞ்சுகள் வெயிலில் வாடும், காகத்திற்கும் இரையாகும். அவ்வாறு கிடைக்கும் படம் எவ்வளவு தெளிவாக இருந்தென்ன? படம் தவறினால் தவறட்டும். அவ்வுயிர் நம் கையில் உள்ள அமானிதம் என்பதைப் பிள்ளைகள் முதலில் உணரட்டும்.