லிப்ட் நின்றுவிட்டால்?

"தீப்பிடித்தால் லிப்டைப் பயன்படுத்தாதீர்!" பன்மாடிக் கட்டடங்களிலே லிப்டின் பக்கத்திலேயே தொங்குகிறது இந்த அறிவிப்பு. சரியான அறிவிப்புத்தான். மின்சாரம் நிற்கும், புகை புகும், பெட்டி நடுவழியிலே சிக்கும். படிக்கட்டே வழி! ஆனால் தோழர்களே, சக்கர நாற்காலியிலே அமர்ந்து ஆறாவது மாடியிலே கணக்கெழுதும் நம் தோழருக்கு அந்த அறிவிப்பு சொல்வது என்ன? "நீ இங்கேயே கிட" என்பதுதானே!

2016-ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பணியிலே மாற்றுத்திறனாளிகளுக்கு நூற்றுக்கு 4 இடம் என்றது. சலுகையல்ல அது, உரிமை! அதே சட்டம், ஆபத்துக் காலத்திலே அவர்களுக்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்றும் கூறுகிறது. ஊனமுற்றோர் என்ற சொல்லை விலக்கி மாற்றுத்திறனாளி என்றோம். பெயரை மாற்றினோம், வேலை கொடுத்து மாடிக்கு ஏற்றினோம். இறங்கும் வழி?

நியூயார்க் நகரம், 2001 செப்டம்பர் 11. உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்திலே, 69-ஆம் மாடியிலே, கைகால் வழங்காத ஊழியர் ஒருவர். 1993-இல் அங்கே குண்டு வெடித்த பிறகு, ஆளை உட்காரவைத்துப் படிவழியே இறக்கும் மடக்கு நாற்காலிகளை வாங்கி வைத்திருந்தார்கள். உடன் பணிபுரிந்தோர் பத்துப் பேர், மாற்றி மாற்றிப் பிடித்து, அத்தனை மாடியும் இறக்கினர். கோபுரம் சரியுமுன் தெருவுக்கு வந்துவிட்டனர்!

அதே கோபுரம், 27-ஆம் மாடி. அங்கேயும் ஒருவர், சக்கர நாற்காலியிலே. தீயணைப்புப் படையின் உதவிக்குக் காத்திருந்தார். ஓடிப் பிழைத்திருக்கக்கூடிய நண்பரோ, விட்டுச்செல்ல மனமின்றி உடனிருந்தார். இருவரும் மாண்டனர். அந்த நட்பை வணங்குகிறோம். ஆனால், ஒருவன் தன் உயிரைத் தரச் சித்தமாயிருப்பான் என்ற நம்பிக்கையிலா அலுவலகம் நடத்துவது?

நியூயார்க் கதை நமக்கெதற்கு என்பாருண்டு. 1975-இல் சென்னை அண்ணாசாலையிலே எல்.ஐ.சி. கட்டடம் தீப்பற்றி எரிந்ததை மூத்த தோழர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

கோடிகளைக் கொட்டச் சொல்லவில்லை நாம். முதலில், அவரையே கேளுங்கள்: உங்களை எப்படித் தூக்குவது, எங்கே பிடித்தால் வலிக்கும் என்று. கேளாமலே திட்டம் போடுவது மேதாவிகள் வழக்கம்! பிறகு ஒவ்வொரு ஷிப்டுக்கும் துணைவர்களைப் பெயர் சொல்லி நியமியுங்கள், அவர்கள் விடுப்பெடுத்தால் மாற்றாள் யார் என்பதையும் சேர்த்து. காது கேளாதவருக்கு மணி அடித்து என்ன பயன்? விளக்கு மின்ன வேண்டும். கண் தெரியாதவர், அமைதியான நாளிலேயே அந்தப் படிகளைக் காலால் அளந்திருக்க வேண்டும். தீ ஒத்திகை என்றதும், "நீங்கள் மட்டும் உட்காருங்கள், சிரமம் வேண்டாம்" என்கிறார்களே சிலர், அந்தக் கருணைதான் கொடுமை! ஒத்திகையிலே இறங்காதவர் தீயிலே எப்படி இறங்குவார்?

சங்கத் தோழர்களே, அடுத்த பேச்சுவார்த்தையிலே போனசுக்கு அடுத்த வரியாக இதை எழுதுங்கள். "ஆவன செய்கிறோம்" என்பார்கள். முதல் ஒத்திகை எந்தத் தேதி என்று கேளுங்கள். தேதியைக் கையிலே வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.