சிறை வாசலுக்கு வெளியே முதல் வாரம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஓராண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை பெறுவோரில் பலர் கடைத்திருட்டு போன்ற குற்றங்களுக்காகச் சில வாரங்களே உள்ளே இருப்பவர்கள். ஒருவரைத் திருத்த அந்த வாரங்கள் போதாது. அவருடைய வாடகை வீட்டையும் வேலையையும் பறிக்கத் தாராளமாகப் போதும். இவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விடுதலையான ஓராண்டுக்குள் மீண்டும் குற்றம் புரிகிறார்கள். ஆனாலும் 21 வயதைக் கடந்தவர்களுக்கு, வெளியே வந்தபின் சட்டப்படியான மேற்பார்வையோ உதவியோ நெடுங்காலம் இருந்ததில்லை.

பீட்டர்பரோ சிறையில் 2010-இல் தொடங்கிய திட்டம் இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. 17 முதலீட்டாளர்கள் 50 லட்சம் பவுண்டு கொடுத்தனர்; மறுகுற்றம் குறைந்தால் மட்டுமே அரசு அதைத் திருப்பித் தரும் என்பது ஏற்பாடு. பணியாளர்கள் சிறைக்குள்ளேயே கைதியிடம் பேசிப் பழகினர். விடுதலை நாளில் வாசலில் காத்திருந்து, தங்குமிடத்துக்கும் போதை சிகிச்சைக்கும் கூடவே சென்றனர். சேர்வதா வேண்டாமா என்பது கைதியின் விருப்பம். ஒப்பீட்டுக் குழுவைவிட மறுதண்டனைகள் 9 சதவீதம் குறைந்தன. பெரிய எண் அல்லதான். ஆனால், இவர்களைத் திருத்தவே முடியாது என்ற எண்ணத்தை உடைக்க அது போதும்.

2015-இல் அரசு இதை நாடு முழுவதற்கும் விரித்தபோது உருவம் மாறியது. ஓராண்டு மேற்பார்வை கட்டாயமானது; பொறுப்பு 21 தனியார் நிறுவனங்களிடம் போனது. உதவி பெரும்பாலும் படிவம் நிரப்புவதோடு நின்றதை 2016-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சந்திப்புகளைத் தவறவிட்டவர்களோ மீண்டும் சிறைக்கு அனுப்பப்பட்டனர். கை கொடுக்காமல் கண்காணிக்க மட்டும் செய்தது அநீதி. 2021-இல் இந்தப் பணி மீண்டும் அரசின் கைக்கு வந்தது.

தடைகள் மிகச் சாதாரணமானவை, அதனாலேயே களையக்கூடியவை. விடுதலைப் பணம் பல ஆண்டுகளாக 46 பவுண்டாகவே இருந்து, 2021-இல்தான் 76 ஆனது. அரசு உதவித்தொகையின் முதல் தவணைக்கோ ஐந்து வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை வெளியே வருபவர் அலுவலகங்கள் மூடும்முன் எல்லாவற்றுக்கும் அலைய வேண்டியிருந்தது. அந்த நாளுக்கு முன்பே விடுவிக்க 2023-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. வீடற்றவர்களுக்கு 84 இரவுகள்வரை தற்காலிக இடம் தரும் திட்டமும் வந்துள்ளது. அதன்பின் உள்ளாட்சி வீட்டுப் பட்டியலில் தனி ஆணுக்கு முன்னுரிமை கிடைப்பது அரிது என்பதால், நிலையான வாடகை வீடு உறுதியாகும்வரை அந்த வரம்பை நீட்டுவதே அடுத்து ஆக வேண்டிய வேலை.