பச்சைக் கட்டி

பச்சை என்றால் நமக்கு மங்களமான நிறம். நாற்றங்கால், வாழைக் குருத்து, தோரணத்து மாவிலை, கிளியின் இறகு என்று எத்தனையோ கண்முன் வந்து நிற்கும். மனித சரீரத்துக்குள்ளே, அதுவும் கண்ணுக்குப் பின்னாலுள்ள எலும்புக் குழியிலே, பசுமை நிறமாக ஒரு கட்டி வளரக்கூடும் என்று சொன்னால் நேயர்கள் நம்பத் தயங்குவார்கள். கிளாஸ்கோ நகரத்தில் உடற்கூற்றுச் சாஸ்திரம் போதித்து வந்த ஆலன் பர்ன்ஸ் என்ற ரணவைத்தியர், தலை, கழுத்து இவற்றின் அமைப்பைப் பற்றி 1811-ல் வெளியிட்ட புஸ்தகத்தில் அப்படிப்பட்ட கட்டி ஒன்றை வர்ணித்திருக்கிறார். அது இன்னதென்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆயுளும் இல்லை. இரண்டே வருஷத்தில், முப்பத்தோராவது வயதில், காலமாகிவிட்டார்.

1853-ல் கிங் என்ற வைத்தியர் இதற்குக் 'குளோரோமா' என்று நாமகரணம் செய்தார். கிரேக்க பாஷையில் அதற்குப் பச்சைக் கட்டி என்பதற்கு மேல் அர்த்தம் ஒன்றுமில்லை. கிரேக்கத்தில் பெயர் வைத்துவிட்டால் வியாதி பாதி தீர்ந்தது போல் வைத்தியர்களுக்கு ஒரு திருப்தி உண்டல்லவா?

இதற்கிடையே வேறொரு வியாதியைப் பற்றிய ஆராய்ச்சி தனியாக நடந்துகொண்டிருந்தது. 1845-ல் எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும், பெர்லினில் ருடால்ப் விர்கோவும், இறந்துபோன நோயாளிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அளவு கடந்து பெருகியிருப்பதைக் கண்டார்கள். விர்கோ அதை 'வெள்ளை ரத்தம்' என்றே குறிப்பிட்டு, பிற்பாடு 'லுகேமியா' என்று பெயரிட்டார். அந்த அணுக்கள் எங்கே உற்பத்தியாகின்றன என்பது அப்போது தெரியாது. எலும்புக்குள்ளே இருக்கும் மஜ்ஜைதான் ரத்த அணுக்களின் பிறப்பிடம் என்று கோனிக்ஸ்பெர்க் நகரத்து எர்ன்ஸ்ட் நாய்மன் 1868-ல் எடுத்துக் காட்டினார்.

பச்சைக் கட்டி ஒரு பக்கம், வெள்ளை ரத்தம் மறு பக்கம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று யாருக்குத் தோன்றும்? அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ஜார்ஜ் டாக் என்பவருக்குத் தோன்றிற்று. 1893-ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இந்தக் கட்டி தனி வியாதியல்ல, லுகேமியாவின் இன்னொரு ரூபமே என்ற எண்ணம் வேரூன்றலாயிற்று. மஜ்ஜையில் முதிராமலே பெருகும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் மிதப்பதோடு நில்லாமல், எலும்பின் மேலுறையிலோ, தோலிலோ, ஈறிலோ, நிணக் கணுக்களிலோ, முதுகெலும்பின் உட்புறத்திலோ கூட்டங் கூடிக் குடியேறிவிடுகின்றன. அந்தக் குடியிருப்புத்தான் கட்டி.

பச்சை நிறம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் விடை கிடைத்திருக்கிறது. நம் வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவினர் கிருமிகளைக் கொல்வதற்கென்று 'மையலோபெராக்ஸிடேஸ்' என்ற என்ஸைமைத் தங்களுக்குள்ளே சேமித்து வைத்திருக்கிறார்கள். சலவைத் தூளில் துணியை வெளுக்கும் வஸ்துவுக்கு நெருங்கிய உறவான ஓர் அமிலத்தை, உடம்பிலுள்ள உப்பைக் கொண்டே தயாரிக்கும் வல்லமை அதற்கு உண்டு. அதன் நிறம் பச்சை. 1941-ல் ஸ்வீடன் தேசத்து க்யெல் ஆக்னர் அதைப் பிரித்தெடுத்தபோது, நிறத்தை வைத்தே பெயரும் சூட்டினார். புண்ணில் வரும் சீழ் சில சமயம் பச்சையாயிருப்பதும் இதனால்தான். ஆக, நம்மைக் காப்பதற்காக ஏற்பட்ட ஆயுதத்தின் நிறமே அந்தக் கட்டியின் நிறம்.

ஆனால் இந்த நிறத்தை நம்பிப் பயனில்லை. அறுத்த கட்டியைக் காற்றில் வைத்தால் பச்சை மங்கிவிடும். சில கட்டிகள் ஆரம்பத்திலிருந்தே வெளுப்பாகவோ, சாம்பல் நிறமாகவோ, பழுப்பாகவோ இருக்கும். ஆகையால்தான் 1966-ல் ராப்பபோர்ட் என்ற அமெரிக்க நிபுணர் 'கிரானுலோஸைடிக் ஸார்கோமா' என்ற பெயரை முன்வைத்தார். இப்போது 'மைலாய்ட் ஸார்கோமா' என்பது வழக்கு. பெயர் மாறிக்கொண்டே வந்ததை வீண் பாண்டித்தியம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. இந்த வியாதியில் பெயர் தவறினால் மருந்து தவறும்.

ஒரு குடும்பத்தில் ஐந்து வயதுக் குழந்தையின் கண் ஒன்று நாளுக்கு நாள் முன்தள்ளிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டி கண்ணேறு என்று சுற்றிப் போடுகிறாள். தகப்பனார் வைத்தியரிடம் அழைத்துப் போகிறார். ரத்தப் பரீட்சை நடக்கிறது. அதிலே ஒரு குற்றமும் இல்லை. மஜ்ஜையைக் கூட எடுத்துப் பார்க்கிறார்கள், அதுவும் சுத்தமாயிருக்கிறது. அப்படியும் நடப்பதுண்டு. லுகேமியா ரத்தத்தில் தலைகாட்டுவதற்குச் சில மாதங்கள் முன்பாகவே, அபூர்வமாகச் சில வருஷங்கள் முன்பாகவே கூட, கட்டி வந்துவிடலாம். கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தால், சாதாரணச் சாயத்தில் அந்த அணுக்கள் நிணக் கணுப் புற்றுநோயான லிம்போமாவின் அணுக்களைப் போலவே தோற்றமளிக்கும். தேர்ந்த கண்களே பல முறை ஏமாந்திருக்கின்றன.

உகாண்டாவில் இந்தச் சங்கடம் வெகு தெளிவாகத் தெரிந்தது. அந்நாட்டுக் குழந்தைகளின் தாடையையும் முகத்தையும் பற்றுகிற ஒரு லிம்போமாவை டெனிஸ் பர்க்கிட் என்ற ரணவைத்தியர் 1958-ல் வர்ணித்திருந்தார். அதே நாட்டில், முகமும் கண்ணும் வீங்கி வந்த குழந்தைகளில் வேறு சிலருக்கு இருந்தது குளோரோமா என்று டேவிஸ், ஓவோர் என்ற இருவர் 1965-ல் அறிவித்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலிருக்கும், சிகிச்சையோ வெவ்வேறு. துருக்கியிலும், அங்காரா நகரத்தில் குழந்தை வைத்தியம் செய்து வந்த ஆய்ஹான் சாவ்தார் அம்மையார், லுகேமியாவால் பீடிக்கப்பட்ட குழந்தைகள் பலருக்குக் கண்ணில் இத்தகைய கட்டி இருந்ததை 1971-ல் எடுத்துரைத்தார்.

இப்போது இந்தக் குழப்பத்துக்குப் பரிகாரம் உண்டு. முன் சொன்ன என்ஸைமையே தேடிப் பிடித்து நிறம் காட்டும் விசேஷச் சாயங்கள் இருக்கின்றன. அணுவின் மேற்புறத்து அடையாளங்களையும், அதற்குள்ளிருக்கும் குரோமோஸோம்களின் மாறுதல்களையும் பார்த்து உறுதி செய்கிறார்கள். ஆனால் சந்தேகம் தோன்றினால்தானே சோதனை நடக்கும்? துணுக்கைப் பார்ப்பவர் மனத்தில் "இது மஜ்ஜை வம்சத்து அணுவாயிருக்குமோ?" என்ற கேள்வி எழ வேண்டும். பொருந்தாத முடிவு வந்தால் அதே துணுக்கை இன்னொரு நிபுணரிடம் காட்டும்படி கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை என்பது நம் அபிப்பிராயம்.

கட்டியை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு, ரத்தம் சரியாயிருக்கிறதே என்று வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் லுகேமியா முழு உருவத்தோடு வந்துவிடுகிறது. ஆகவே கட்டி ஒன்றே இருந்தாலும், லுகேமியாவுக்குரிய சிகிச்சையைத் தேகம் முழுவதற்கும் செய்ய வேண்டும் என்பது இன்றைய வைத்திய முறை. கட்டி முதுகுத் தண்டை நசுக்கிக் கால்கள் மரத்துப் போகும் அபாயம் வந்தால், கதிர் சிகிச்சையும் அவசரமாகச் சேரும்.

முக்கியமான மருந்துகள் இரண்டு. புளோரிடாக் கடலில் கிடைத்த ஒரு கடற்பஞ்சில், வெர்னர் பெர்க்மன் என்பவர் 1950-களின் ஆரம்பத்தில் சில அதிசயமான ரஸாயனங்களைக் கண்டார். ஸைடரபின் என்ற மருந்துக்கு அதுவே வழிகாட்டி. டானோருபிஸின் என்ற மற்றொன்றைத் தரும் நுண்ணுயிரை, இத்தாலியில் பழைய கோட்டையொன்றின் அருகே எடுத்த மண்ணில் கண்டுபிடித்தார்கள். கடலடியும் கோட்டை மண்ணும் இப்படிக் குழந்தைகளின் உதவிக்கு வந்திருக்கின்றன.

இவ்வளவும் சொன்னதால், வீட்டில் ஒரு வீக்கத்தைக் கண்டதும் கலங்க வேண்டாம். இது அபூர்வமான வியாதி. கண் கட்டி பெரும்பாலும் வெறும் கண் கட்டிதான். கண் பிதுங்கிக்கொண்டே வருவது, ஈறு காரணமின்றித் தடித்துக் கொழுப்பது, நோவில்லாத முடிச்சுகள் தோலில் கெட்டியாகக் கிளம்புவது, அவற்றோடு சோகையும் ஓயாத ஜ்வரமும் சேர்வது - இவை வாரக் கணக்கில் நீடித்தால், களிம்பு பூசிக்கொண்டு காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிகிச்சை முடிந்து குணமானவர்களுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. பிறருடைய மஜ்ஜையைப் பெற்றுப் பிழைத்த சிலருக்கு, புது மஜ்ஜை சுத்தமாகவே இருக்க, வியாதி மட்டும் தோலிலோ, மார்பிலோ, முதுகெலும்பருகிலோ கட்டியாகத் திரும்பியிருக்கிறது. புதிதாக வந்த அணுக்களின் காவல் மஜ்ஜைக்குள்ளே பலமாயிருப்பது போல் வெளியிடங்களில் இருப்பதில்லை என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். அதனால், வருஷங்கள் சென்ற பிறகும் இவர்களுடைய உடம்பில் ஒரு முடிச்சு புதிதாகத் தோன்றினால், ரத்தப் பரீட்சையின் காகிதத்தை மட்டும் பார்த்துச் சமாதானமடையாமல், அந்த முடிச்சிலிருந்தே துணுக்கெடுத்துப் பார்க்கிறார்கள்.