சுங்குவார்சத்திரத்துக் கிறிஸ்துமஸ்

2021ஆம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருந்த சமயம், சுங்குவார்சத்திரத்தின் வழியே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் பெருந்திரளாக அமர்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். பூந்தமல்லிக்கு அருகில் ஹாஸ்டலில் தங்கியிருந்த அவர்களுடைய தோழியருள் 150க்கு மேற்பட்டோர், கெட்டுப்போன உணவை உண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் சிலர் இறந்துபோனார்கள் என்றொரு வதந்தி, அதை மறுத்துச் சொல்ல நம்பத்தக்கவர் எவரும் முன்வராத நிலையில் அறைக்கு அறை பரவி, இருபது வயதைச் சுற்றியுள்ள அந்தப் பெண்களை நள்ளிரவில் சாலைக்குக் கொண்டுவந்தது. உண்மையில் ஒருவரும் இறக்கவில்லை. எனினும் மூடப்பட்ட ஆலை, பண்டிகையும் புத்தாண்டும் கழிந்து ஜனவரி 12ஆம் தேதிதான் மீண்டும் திறந்தது.

அந்தப் பெண்கள் முதலாவதாகக் கேட்டது கூலியன்று, சலுகையன்று. தம்மோடு ஒரே அறையில் படுத்துறங்கியவள் உயிரோடிருக்கிறாளா என்ற ஒரே கேள்விக்கு விடை. அவ்விடையை உடனே சென்று விசாரித்து வந்து, அவர்கள் நம்பும்படி சொல்லக்கூடிய ஒரு மனிதர் அங்கே இருந்திருப்பாராயின், அன்றிரவு நெடுஞ்சாலை அமைதியாக இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன். பூமியிலே சமாதானம் என்று அதே வாரத்தில் சுற்றுவட்டாரத்து ஆலயங்களில் பாடிக்கொண்டிருந்த நம்மவர்களுக்கு அந்த மனிதராக இருக்கும் கடமை இருந்தது. ஏனெனில் கிறிஸ்து சமாதானத்தை விரும்புகிறவர்களைப் பாராட்டியதோடு நிற்கவில்லை. அதை உண்டாக்குகிறவர்களையே தேவனுடைய புத்திரர் என்றார்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின்படி, ரோமச் சக்கரவர்த்தி அகஸ்துவின் குடிமதிப்புக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, நாசரேத்திலிருந்து பெத்லகேம்வரை பிரயாணம் செய்த தச்சன் ஒருவனும் நிறைகர்ப்பிணியான அவன் மனைவியும் சத்திரத்தில் இடம் கிடைக்காமல் போக, பிறந்த பிள்ளை முன்னணையில் கிடத்தப்பட்டது. சேனைகளின் பலத்தால் நிலைநாட்டப்பட்ட ரோமாபுரியின் அமைதியை உலகமெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்த அக்காலத்தில், வேறொரு சமாதானத்தின் செய்தி அரண்மனைக்கும் போகாமல் ஆலயத்துக்கும் போகாமல், இராமுழுதும் கண்விழித்து மந்தையைக் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களிடம் முதலில் வந்தது. இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறவர்களே நம் வட்டாரத்தில் அந்த மேய்ப்பர்கள்.

காரணத்தைத் தொடாத சமாதானம் நீடிப்பதில்லை. 1914இல் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் பதுங்கு குழிகளிலிருந்து வெளிவந்த பகைவர் கிறிஸ்துமஸ் நாளில் கைகுலுக்கினார்கள். பிறகு அதே குழிகளுக்குத் திரும்பி ஒருவரையொருவர் சுட்டார்கள். நம் தமிழ்நாட்டிலோ, 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவில், கூலி உயர்வும் தமக்கென ஒரு சங்கமும் வேண்டுமென்று நின்ற கீழவெண்மணி விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்த நாளை நினைக்காமல் தமிழ்க் கிறிஸ்தவன் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் கீழைத் தஞ்சை மண்ணுக்குச் சென்று, நிலமற்ற பெண்களுக்கு நிலம் கிடைக்கும்படி லாஃப்டி என்ற ஸ்தாபனத்தை 1981இல் தொடங்கிப் பாடுபட்ட கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் காந்தியத் தொண்டர்கள். சமாதானத்துக்கு அவர்கள் கண்ட வழி, சண்டையின் வேராகிய நிலத்தையே பேசித் தீர்ப்பது.

திரு.வி.க.வை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. வெஸ்லி மிஷன் பள்ளியில் படித்து, வெஸ்லி கல்லூரியிலேயே தமிழாசிரியராகவும் இருந்த அந்தச் சைவர், 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகத் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கு உழைத்தார். 'கிறிஸ்துவின் அருள் வேட்டல்' என்ற நூலையும் செய்தார். இரண்டும் அவருக்கு ஒரே பக்தியின் இரண்டு முகங்கள் என்றே நான் கொள்கிறேன். சங்கம் அமைக்கும் உரிமை மறுக்கப்பட்ட இடத்தில் அமைதியைப் பற்றிப் பேசுவது பயனற்றது என்பதை நூறாண்டுகளுக்கு முன்பே அறிந்தவர் அவர்.

அந்த உரிமைக்காகவே சுங்குவார்சத்திரத்தில் 2024 செப்டம்பர் 9ஆம் தேதி தொடங்கி 37 நாட்கள், சாம்சங் ஆலையின் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமைச்சர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள், பந்தல் பிரிக்கப்பட்டது, கைதுகள் நடந்தன, வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது, சங்கத்துக்குப் பதிவு கிடைத்ததோ 2025 ஜனவரியில். சங்கத்துக்குப் பதிவு வேண்டுமென்று கேட்டவர்களுக்கு அதை வழங்குவதற்கு இத்தனை மாதங்கள் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை. முயன்றால் மாற்றம் வரும் என்பதற்கும் இதே வட்டாரத்தில் சான்று உண்டு: வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. உறங்கும் இடமும் உண்ணும் சோறும் ஒழுங்காக இருப்பதும் சமாதானத்தின் அங்கமே.

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர்வரை ஊழியம் செய்யும் போதகர்களுக்கும் பங்குத் தந்தையருக்கும் என் விண்ணப்பம் இது. பண்டிகை ஆராதனைகளுள் ஒன்றையாவது இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கான்டிராக்டில் வேலை செய்கிறவர்களை, அவர்கள் எம்மதத்தவராயினும், பந்திக்கு அழையுங்கள். ஹாஸ்டலில் ஒருத்தி நோயுற்றாள் என்று கேள்விப்பட்டால் நேரில் போய்ப் பார்த்து, கண்டதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். நிர்வாகத்தில் உள்ளவர்கள் பலர் உங்கள் சபைகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். தொழிலாளர் சங்கத்தோடு ஒரே மேஜையில் அமர்வது அவர்களுக்கு இழிவன்று என்பதை அவர்களிடம் எடுத்துரையுங்கள். தகராறு முற்றும்வரை காத்திராமல், இரு தரப்பாரும் பயமின்றி வந்து பேசும்படி உங்கள் ஆலய மண்டபங்களை இந்த டிசம்பரிலிருந்தே திறந்துவையுங்கள்.