வாய்வழியே வந்த பயம்

கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறுகிறவருக்கு மூன்று திசைகள் உண்டு. ஒன்று பாலக்காட்டுக்கு, ஒன்று பொள்ளாச்சிக்கு, இன்னொன்று வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு. கேரளத்து ஊர்தான் என்றாலும் கடைத்தெருவில் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ். ஜவுளி எடுக்க, காலேஜுக்குப் போக, வேலைக்குப் போக என்று எல்லை தாண்டுவது இங்கே தெருவைத் தாண்டுவது மாதிரி. வீட்டில் சொல்ல முடியாத காரியத்துக்கும் அதே பஸ்தான்.

ரத்தப் பரிசோதனை அப்படிப்பட்ட காரியம். உள்ளூரில் டோக்கன் கொடுப்பவர் தெரிந்தவராக இருப்பார். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் சித்தப்பாவின் நண்பராக இருப்பார். பொள்ளாச்சியிலோ கோவையிலோ முகம் தெரியாது.

முப்பது வயதுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். கல்யாணமாகி ஒரு குழந்தை. வேலைக்குப் போன ஊரில் ஓர் இரவு, முன்பின் தெரியாத ஒருவருடன் வாய்வழி உறவு. அதற்கு மேல் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் தொண்டை கரகரக்கிறது. ஒரு வாரத்தில் கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிடுகிறது. வெள்ளையாக ஏதோ தெரிகிறது. பயத்தில் சோறு இறங்கவில்லை, இரண்டு கிலோ குறைகிறது. எடை குறைந்தால் எய்ட்ஸ் என்று எப்போதோ போஸ்டரில் படித்தது ஞாபகம் வருகிறது. குழந்தைக்கு முத்தம் கொடுக்கவே கை கால் நடுங்குகிறது.

எச்.ஐ.வி. கிருமி தொற்றுவது ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், தாய்ப்பால் போன்றவற்றின் வழியாக. எச்சில் அதைக் கடத்துவதில்லை. கிருமியை முடக்கும் பொருள்களே எச்சிலில் இருக்கின்றன. ஆகவே மேற்படி ஆசாமி தன் உறுப்பை இன்னொருவர் வாயில் வைத்தவர் என்றால் அவருக்கு ஆபத்து அநேகமாக இல்லை. தன் வாயைப் பயன்படுத்தியவர் என்றால், ஈறில் ரத்தம் வடிந்து, வாயில் புண் இருந்து, விந்தும் வாய்க்குள் போயிருந்தால் ஏட்டளவில் ஒரு சிறிய வாய்ப்பு உண்டு. எவ்வளவு சிறியது? மாட்ரிட் நகரில் கிருமி உள்ளவர்களின் துணைவர்களைப் பத்தாண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. ஆணுறையின்றி நடந்த வாய்வழி உறவுகள் 19,000க்கும் மேல். அதில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை.

இருந்தாலும் பூஜ்யம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். 'மிக மிகக் குறைவு' என்பார். பயந்தவர் காதில் 'குறைவு' விழாது. மிக மிகக் குறைவு என்றால் இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுப்பார். வேடிக்கை என்னவென்றால், சிபிலிஸ், கொனோரியா, ஹெர்ப்ஸ் எல்லாம் வாய்வழியாக எச்.ஐ.வி.யைவிட வெகு சுலபமாகத் தொற்றும். முதல் இரண்டும் மருந்தில் குணமாகும். அவற்றைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

பயம் கிருமியிடமிருந்து வந்திருந்தால் கணக்கோடு போயிருக்கும். இது வேறு இடத்திலிருந்து வருகிறது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தெரிய வந்தது. பரிசோதிக்கச் சென்னையில் வசதி இல்லாமல் மாதிரிகள் வேலூர் சிஎம்சிக்குப் போக வேண்டியிருந்தது. கிருமி இருந்த அந்த ஆறு பேரும் பாலியல் தொழிலாளிகள். நோயும் குற்றமும் அன்றைக்கே முடிச்சுப் போடப்பட்டுவிட்டன. பிறகு வந்தன மண்டை ஓட்டுப் படங்கள். 2000களின் தொடக்கத்தில் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று சுவரெல்லாம் கேட்டார்கள். தமிழ்நாடே அந்தக் கேள்வியை ஞாபகம் வைத்திருக்கிறது. பதில்தான் யாருக்கும் ஞாபகமில்லை. தப்பு செய்துவிட்டோம் என்று நினைக்கிற ஒவ்வொருவரும் தனிமையில் ஒரு புள்ளிராஜா. தண்டனை வந்தே தீர வேண்டும் என்று காத்திருக்கிறார்.

அந்தக் காத்திருப்பு விளையாட்டு அல்ல. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. கொடுத்தவர் 19 வயது இளைஞர். வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் ஓடி ஒளியவில்லை, தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள் என்று அவரே போய்ச் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. அந்த மாதம் 30ஆம் தேதி அவர் இறந்தார், தன் முடிவைத் தானே தேடிக்கொண்டு. நோய் அவரைக் கொல்லவில்லை. தாம்பரத்தில் இலவச கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது. இன்று தினம் மாத்திரை சாப்பிட்டு வருபவர் மற்றவர்களைப் போல வயதாகும் வரை வாழ்கிறார். ரத்தத்தில் கிருமியின் அளவு கருவிக்கே தெரியாத நிலைக்கு இறங்கிவிட்டால் உடலுறவிலும் அவரிடமிருந்து தொற்றுவதில்லை. இதை அந்தப் பையனிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

ரத்த தானத்தைப் பற்றி இன்னொன்று. பரிசோதனைக்குப் போக வெட்கப்பட்டு, ரத்தம் கொடுத்தால் அவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. தொற்றிய புதிதில் எந்தச் சோதனையிலும் கிருமி அகப்படாத நாட்கள் சில இருக்கின்றன. அப்போது கொடுக்கிற ரத்தம் யாருக்குப் போய்ச் சேரும்?

அந்த நாட்கள் முடிய எவ்வளவு காலம்? கிருமியின் புரதத்தையும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கிற லேப் சோதனை 45 நாட்களில் நம்பகமான பதில் தரும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சாதாரணச் சோதனைக்கு மூன்று மாதம். மறுநாளே ஓடிப் போய் எடுக்கும் ரிசல்ட் பழைய கதையைத்தான் சொல்லும். ஆபத்து நிஜமாகவே பெரிதாக இருந்தால், அதாவது ஆணுறை இல்லாத முழு உடலுறவு என்றால், 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் 28 நாள் தடுப்பு மருந்து கிடைக்கும். வாய்வழி உறவுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. முடிவு டாக்டருடையது.

அரசு ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனை இலவசம். எல்லைக்கு இந்தப் பக்கம் அந்த இடத்துக்கு 'ஜோதிஸ்' என்று பெயர், அந்தப் பக்கம் 'நம்பிக்கை மையம்'. இரண்டிலும் ரத்தம் எடுக்கும் முன்பும் பின்பும் ஆலோசகர் பேசுவார். முதல் சோதனையில் ஏதாவது காட்டினால் வேறு இரண்டு சோதனைகள் செய்யாமல் 'இருக்கிறது' என்று சொல்லமாட்டார்கள். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டத்தின்படி சம்மதமின்றிச் சோதிக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. டோக்கன்காரர் தெரிந்தவராக இருந்தாலும் சட்டம் சட்டம்தான். முதலில் போனில் கேட்டுவிட்டுப் போக நினைத்தால் 1097க்குப் பேசலாம், காசு கிடையாது.

தொண்ணூறாம் நாள் ரிசல்ட் வருகிறது. இல்லை. பலருக்கு அன்று ராத்திரி தூக்கம் வரும். சிலருக்கு வராது. லேபில் பாட்டில் மாறியிருக்குமோ? தன் உடம்பில் மட்டும் தாமதமாகத் தெரியுமோ? பொள்ளாச்சியில் எடுத்தவர் கோவைக்குப் போகிறார், கோவையில் எடுத்தவர் பாலக்காட்டுக்குப் போகிறார். மூன்று பஸ், மூன்று சீட்டு, ஒரே பதில். நான்காவது சீட்டாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. மனைவியிடம் சொல்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு ரத்தத்தில் விடை இருக்காது. சொல்லாமல் சுமக்கிற சுமையைத்தான் அவர் கிருமி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பார்க்க வேண்டியது மனநல டாக்டரை. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். பஸ் ஏற வேண்டியதில்லை.