பேரேடு நிறையும் முன்பே

கணினி வராத காலத்தில், பேரேட்டின் கடைசிப் பக்கம் வரும்வரை எந்தக் கிளையும் காத்திருப்பதில்லை. சில பக்கங்கள் மீதமிருக்கும்போதே புதிய பேரேட்டை வரவழைத்து விடுவார்கள். பக்கம் தீர்ந்த பின் கேட்டால், பணத்தோடு நிற்கும் வாடிக்கையாளரின் வரவை எங்கே பதிவது?

இன்று பேரேட்டின் இடத்தில் தரவுத்தளம் இருக்கிறது. நிதி நிறுவனங்கள் பல, தம் சேவைகளில் சிலவற்றை மேகக் கணினியில், அதாவது வாடகைக்குப் பெறும் சர்வர்களில் இயக்குகின்றன. அங்கும் பக்கங்கள் தீர்வதுண்டு. அவை வட்டு எனப்படும் சேமிப்பிடம். யுபிஐ பரிவர்த்தனைகள் 2023 ஆகஸ்டில் முதன்முறையாக மாதத்திற்கு 1,000 கோடியைக் கடந்தன. 2025 ஆகஸ்டில் 2,000 கோடியைக் கடந்தன. ஒவ்வொரு பரிவர்த்தனையும் பற்று, வரவு, தணிக்கைத் தடம் எனப் பல பதிவுகளை விட்டுச் செல்கிறது. பாதுகாப்புக்காக ஒரே தரவை மூன்று சர்வர்களில் வைத்தால், 100 ஜிபி வளர்ச்சிக்கு 300 ஜிபி இடம் வேண்டும்.

மேகக் கணினியில் சேவையை நிறுத்தாமலே வட்டைப் பெரிதாக்கலாம். இந்த எளிமையே நம்மை அசட்டையாக்குகிறது என்பது என் கருத்து. ஒருமுறை பெரிதாக்கினால், மறுமுறை மாற்றச் சில மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் சேவைகள் உண்டு. பெரிதாக்கிய வட்டைப் பெரும்பாலும் சுருக்கவும் இயலாது. ஒதுக்கிய இடம் முழுமைக்கும் வாடகை ஓடும். புதிய சர்வரைச் சேர்த்தாலோ, தரவைப் பகிர்ந்தமைக்கும் வேலையே நேரத்தையும் திறனையும் விழுங்கும். வட்டு நிறைந்தே போனால் தரவுத்தளம் புதிய பதிவை ஏற்காது.

தானாக விரியும் வசதி இருக்கிறதே என்பர். அது விழுந்தால் தாங்கும் வலை, நடக்கும் பாதையன்று. மாதந்தோறும் வளர்ச்சியை அளந்து, முக்கால் பங்கு நிறையும்போதே விரிவாக்கத்தைத் தொடங்க வேண்டும். பண்டிகைக் காலத்திற்கு முன் மீண்டும் கணக்கிட வேண்டும். பழைய பதிவுகளை விலை குறைந்த சேமிப்பிற்கு மாற்றலாம், அழித்துவிட முடியாது. பணமோசடித் தடுப்புச் சட்டப்படி பரிவர்த்தனைப் பதிவுகளை ஐந்தாண்டுகள் காக்க வேண்டும். மேலும், 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி இட்ட ஆணைப்படி பணப்பட்டுவாடாத் தரவு இந்தியாவிலேயே இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று அயல்நாட்டில் இடம் தேட இயலாது.

வெற்றிடத்திற்கு வாடகை தருவது வீண்செலவன்றோ எனக் கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆகவேதான் ஊகித்து வாங்காமல் அளந்து வாங்கச் சொல்கிறேன். ஆயினும் வட்டு நிறைவதன் விலையை முதலில் செலுத்துபவர் வாடிக்கையாளர். தோல்வியுற்ற பரிவர்த்தனையின் தொகை உரிய கெடுவுக்குள் திரும்பாவிடில் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்கிறது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை. மருந்துக் கடையில் பணம் போகாமல் தவித்து நின்ற நிமிடங்களுக்கு ஈடு எது?

நள்ளிரவில் பராமரிப்பு என்று வங்கி முன்னறிவித்தால் சலித்துக்கொள்ளாதீர்கள். அது புதிய பேரேடு வரும் நேரமாகவும் இருக்கலாம். செயலியில் பழைய கணக்கு தெரியாவிடில் அழிந்துவிட்டதென எண்ணாமல் கிளையில் கேளுங்கள். காப்பது எங்கள் கடமை. கேட்பது உங்கள் உரிமை.