ஞாயிறு நடை - 11: சுண்ணாம்புக் குழிக்குள் ஒரு ஊர்

மக்களே, இந்த வாரம் ரயிலேறிப் போனது ஸ்வான்ஸ்கோம். லண்டனுக்குக் கிழக்கே, டார்ட்ஃபோர்டுக்கும் கிரேவ்செண்டுக்கும் நடுவில், தேம்ஸ் நதியோரம் இருக்கிற சின்ன ஊர். கிளம்பும்போது ரூம்மேட் "அங்க என்னடா இருக்கு?" என்றான். பெரிய பெரிய பள்ளம் இருக்கு. அதைப் பார்க்கத்தான் போனேன். மண்ணைப் பற்றி மாஸ்டர்ஸ் படிக்கிறவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு இருக்க முடியும் :-)

இந்தப் பக்கம் முழுக்க பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். சாக்பீஸ் மாதிரி வெள்ளையா, மெத்துன்னு இருக்கும். 19-ம் நூற்றாண்டிலிருந்து அதைத் தோண்டித் தோண்டி சிமெண்ட் ஆக்கினார்கள். ஸ்வான்ஸ்கோம் ஆலை 1990-ல் மூடியது, பக்கத்து நார்த்ஃப்ளீட் ஆலை 2008-ல். ஆலை போச்சு, குழி மிச்சம். ஒரு குழிக்குள் 1999-ல் ப்ளூவாட்டர் ஷாப்பிங் சென்டர் வந்தது. அதுக்குப் பக்கத்துப் பெரிய குழி ஈஸ்டர்ன் குவாரி. அதுக்குள் 6,250 வீடு வரைக்கும் கட்டலாம்னு 2007-ல் அனுமதி கிடைத்தது. அப்புறம் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்து 15,000 வீட்டுக்கு எப்ஸ்ஃப்ளீட் கார்டன் சிட்டி என்று 2014-ல் அரசு அறிவித்தது. 2015-ல் அதுக்குன்னே தனி வளர்ச்சிக் கழகம்.

மேலேயிருந்து பார்த்தால் அழகாத்தான் இருக்கு. சுற்றிலும் வெள்ளைச் சுவர், கீழே புதுசா செங்கல் வீடுகள், தண்ணீர், சைக்கிள் பாதை. ஆனால் பழைய ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் புலம்பல்தான். ரோடு தாங்காது, ஜிபியைப் பார்க்க மூணு வாரம் ஆகுது, இத்தனை வீட்டுப் பிள்ளைங்க எந்த ஸ்கூலுக்குப் போகும்? ஸ்டேஷன் கதையை வேற சொல்றாங்க. எப்ஸ்ஃப்ளீட் இண்டர்நேஷனல் 2007-ல் திறந்தது, பாரிஸ் ரயில் வாசலிலேயே நிற்கும் என்று சொல்லித்தான் வீடு விற்றார்கள். 2020-ல் யூரோஸ்டார் நிற்பதை நிறுத்தியது, திரும்பி வரவேயில்லை. பேரில் மட்டும் இண்டர்நேஷனல் ஒட்டிக்கிட்டிருக்கு.

இந்த ஊரில் எங்கே வீடு கட்டினாலும் எதிர்க்க ஒரு கூட்டம் உண்டு. "என் ஜன்னலிலிருந்து காட்சி மறையுது" என்கிற ரகம் எனக்கு ஒத்து வராது. வாடகை விற்கிற விலையில் என்னை மாதிரி ஆளுங்க எங்கதான் போறது? விளைநிலத்தை அழிக்கிறதுக்கு, ஏற்கெனவே தோண்டிப் போட்ட குழியில் கட்டுவது எவ்வளவோ மேல். ஆனால் இந்தப் புலம்பல்களுக்கு நடுவே ஒரு பெரியவர் கேட்ட கேள்வி வேற மாதிரி: "பில்டர் போனப்புறம் அந்தச் சுவரைப் பார்த்துக்கப்போவது யாரு?"

அவர் சும்மா கேட்கவில்லை. நான் நடந்த வழியில் கேலி ஹில் ரோடு என்று ஒரு ரோடு. இரண்டு பக்கமும் சுண்ணாம்பைத் தோண்டி எடுத்துவிட்டு, நடுவில் முதுகெலும்பு மாதிரி விட்ட மேட்டு மேலே போகிறது. 2023 ஏப்ரல் 10-ம் தேதி ரோட்டின் ஒரு துண்டு அப்படியே பிய்ந்து கீழே தொழிற்பேட்டைப் பக்கம் விழுந்தது. அன்றைக்கு மூடின ரோடு. பஸ்ஸெல்லாம் சுற்றிப் போகுது. யார் சரி செய்வது, யார் காசு கொடுப்பது என்ற பேச்சு வருஷக்கணக்கில் இழுத்தது. தோண்டினவர்கள் எப்பவோ போய்ட்டாங்க. லாபம் ஒரு தலைமுறைக்கு, சுவர் இன்னொரு தலைமுறைக்கு.

இந்தக் கல் கொஞ்சம் விசித்திரமானது. காய்ந்திருந்தால் செங்குத்தா நிற்கும். உள்ளே தண்ணீர் ஏறி, குளிர்காலத்தில் உறைந்து, வெயிலில் உருகி, மறுபடி உறைந்தால் பட்டை பட்டையா உதிரும். ஈரத்தோட போட்டுக் கலக்கினால் பசை மாதிரி ஆயிடும். குழியை நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே தோண்டியிருந்தால், வேலை நடக்கிறவரை பம்ப் ஓடும். பம்பை நிறுத்தினா தண்ணீர் மேலேறும். பள்ளத்தில் மண் கொட்டி மேடாக்கியிருந்தால், அந்தத் தண்ணீர் முதல் தடவை மண்ணை நனைக்கும்போது மண் சட்டென்று அமுங்கும், மேலே ஒரு செங்கல்கூட வைக்காமலே. அதைச் சரியா இறுக்கிக் கொட்டினாங்களா என்பதுதான் எல்லாம்.

குப்பை கொட்டின குழி என்றால் இன்னும் மோசம். டெர்பிஷயரில் லாஸ்கோ என்ற ஊரில் பழைய குவாரியைக் குப்பையால் நிரப்பினார்கள். 1986 மார்ச் 24 அன்று காற்றழுத்தம் மளமளவென்று இறங்க, குப்பையில் ஊறின மீத்தேன் மண் வழியா நகர்ந்து பக்கத்து வீட்டுக்குள் புகுந்து வெடித்தது. வீடு தரைமட்டம், உள்ளே இருந்த மூணு பேருக்கும் படுகாயம். மெல்பன் மக்களுக்கு 2008-ல் கிரான்போர்னில் நடந்தது ஞாபகம் வரும். அங்கேயும் பழைய மணல் குவாரி, அதில் குப்பை, பக்கத்தில் வீடுகள்.

ஈஸ்டர்ன் குவாரி குப்பைக்குழி என்று நான் சொல்லவில்லை, கிளப்பி விட்டுடாதீங்க. இந்தப் பக்கம் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சரித்திரம். அது தெரியாமல் "குவாரி வீடு நல்லது, கெட்டது" என்று மொத்தமாச் சொல்றது அபத்தம்.

இதையெல்லாம் நான் தோண்டக் காரணம் எங்க வீட்டுக்கார அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருஷமா இங்கே இருக்கார். சேர்த்த காசையெல்லாம் போட்டு இந்தக் குழிக்குள்தான் வீடு பார்க்கிறார். "தம்பி, நீர் மண்ணைத்தானே படிக்கிறீர்? உதுக்குள்ள வாங்கலாமோ, இறங்காதோ?" என்று கேட்டார்.

வாங்காதீங்கன்னு நான் சொல்லவில்லை. கேட்கச் சொன்னேன். வீட்டுக்குக் கீழே இருப்பது தோண்டாத கல்லா, கொட்டின மண்ணா? கொட்டினது என்றால் எப்போ, எவ்வளவு ஆழம், எப்படி இறுக்கினது? தண்ணீர் மட்டம் எங்கே, பம்ப் ஏதும் ஓடுதா? சுவருக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்? முக்கியமா, அந்தச் சுவர் யார் பேரில் இருக்கு, அதைப் பரிசோதிக்கிற செலவு யார் தலையில்?

கடைசிக் கேள்விக்கு அக்கா "கவுன்சில்தானே தம்பி?" என்றார். அங்கதான் விஷயம். இந்த நாட்டுப் புது வீடுகளில் நிறைய இடங்களில் பூங்கா, ரோடு, வடிகால் எதையும் கவுன்சில் எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நிர்வாகக் கம்பெனி பார்க்கும், வீட்டுக்காரர்கள் கவுன்சில் டாக்ஸுக்கு மேலே எஸ்டேட் சார்ஜ் கட்டணும். 2021-22-ல் பெரிய 11 பில்டர்கள் விற்ற வீடுகளில் 80 சதவீதத்துக்கு இந்தக் கட்டணம் உண்டு என்று போட்டி ஆணையம் 2024 அறிக்கையில் சொல்லியிருக்கு. புல் வெட்டுற செலவைப் பங்கு போடலாம். சுண்ணாம்புச் சுவர் ஒன்று சரிந்தால் அதையும் பங்கு போடுறதா?

அக்கா வக்கீலுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பி இரண்டு வாரம் ஆச்சு. நில ஆய்வு அறிக்கை இருக்கு, அனுப்பறோம் என்று பதில் வந்தது. சுவரைப் பற்றிக் கேட்ட வரிக்கு மட்டும் பதிலைக் காணோம். வர்றவரைக்கும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்னு சொல்லி வைத்திருக்கேன்.

டொராண்டோ, மெல்பன், ஆஸ்லோ பக்கம் பழைய குவாரியில் குடியிருக்கும் புண்ணியவான்கள் யாராவது இருந்தால், உங்க பத்திரத்தில் என்ன எழுதியிருக்குன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க. அக்காவிடம் காட்டணும்.